சுடுநீர்த் தடாகத்தில் நல்லெண்ணெய்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதை மறைக்கிற பழக்கமும் எனக்கில்லை. பாரிசின் லாச்சப்பல் தெருவில் மரக்கறிக் கடை திறந்தபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இன்றைக்கு அந்தத் தெருவில் என் கடை எது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டாத ஆள் கிடையாது. ஒபர்வில்லியே மொத்த வியாபாரிகள் என் குரல் கேட்டதுமே அழுகல் மாம்பழப் பெட்டியை உள்ளே இழுத்துவிடுவார்கள். யாரிடமும் கைகட்டி நிற்காமல் நானே உண்டாக்கிய பெயர் அது. அப்படிப்பட்ட எனக்கு ஒரு காரியம் மட்டும் சரிவரவில்லை. என் மனைவியின் முழங்கால் வலியை என்னால் நிறுத்த முடியவில்லை.

முப்பது வருடமாக என்னோடு கடையில் நின்றவள். எங்கள் வீடு மார்க்ஸ் டோர்மோயில், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. போன குளிர்காலத்தில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்துதான் ஏறினாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது, முதலில் வலது மூட்டை மாற்ற வேண்டும் என்றார். வேண்டாம் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். என் உடம்பில் இதுவரை கத்தி பட்டதில்லை. காய்ச்சலோ உளைச்சலோ எதுவானாலும் நல்லெண்ணெயும் சுடுதண்ணீரும் போதும் என்று வாழ்ந்தவன் நான்.

"கால் ஆருடையது?" என்று கேட்டாள் மனைவி.

நான் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்தேன்.

சார்செலில் இருக்கும் மகள்தான் ஒரு சுடுநீர்ப் பூங்காவைப் பற்றிச் சொன்னாள். பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். நிலத்துக்கு அடியிலிருந்து சுடுநீர் தானாக வருகிறது. எல்லோரும் போகலாம், மூட்டு வலிக்காரர்தான் அதிகம் போகிறார்கள். எனக்கு வாயெல்லாம் பல். மனைவி உடனே சம்மதிக்கவில்லை. ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"ஓம், வாறன். மூண்டு நாள். உங்கடை சுடுதண்ணிக்கு நோ கேட்டுதெண்டால் சரி. கேக்கேல்லையெண்டால் நான் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைப்பன். பிறகு நீங்கள் ஒரு கதையும் கதைக்கக் கூடாது."

நான் ஒத்துக்கொண்டேன். ஒப்பந்தத்தில் நான் தோற்றது கிடையாது.

மகள் தாய்க்கு ஒரு நீச்சல் உடுப்பு வாங்கிக் கொடுத்தாள். கடும் நீலம். மனைவி அதை விரித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதின்ரை மிச்சத் துணி எங்கை பிள்ளை?" என்று கேட்டாள். நான் என் பங்குக்குக் கடையிலிருந்து ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஒரு பை சீயாக்காய்த் தூளும் எடுத்து வைத்தேன். எண்ணெய் வைக்காமல் சுடுதண்ணீரில் இறங்குவது எங்கள் ஆட்களுக்குக் குளிப்பே அல்ல.

முதல் நாள் சனிக்கிழமை. ஹோட்டல் அறையில், கை கழுவும் தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பி, அதற்குள் போத்தலை நிறுத்தி எண்ணெயைச் சூடாக்கினேன். மனைவியின் இரண்டு முழங்காலிலும் அரைமணி நேரம் தேய்த்தேன். பிறகு நான் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டேன்.

"சனி ஆம்பிளையளுக்கு. எங்களுக்கு வெள்ளியெல்லோ?" என்றாள்.

"முழங்காலுக்குக் கிழமை தெரியாது. பேசாமல் இரும்."

பூங்கா அழகான இடம். உயர்ந்த மரங்கள், நடுவே ஒரே ஒரு பெரிய கல் தடாகம், அதிலிருந்து எழும் ஆவி, தூரத்து மலையில் பனி. வாசலில் பெரிய அறிவித்தல் பலகை இருந்தது. பலகைகளை வாசித்து நான் முன்னுக்கு வரவில்லை. அதைத் தாண்டி நடந்தேன். தடாகத்துக்குப் போகும் வழியில் எல்லோரும் ஒரு குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போனார்கள். நான் விலகிப் போனேன்.

"எல்லாரும் குளிச்சுப்போட்டெல்லோ போகினம்?" என்றாள் மனைவி.

"குளிக்கத்தானே போறம். அதுக்கு முன்னாலை என்னத்துக்குக் குளிக்கிறது? அவையள் ஊத்தையாய் வந்திருப்பினம்."

அவளுக்கு வெட்கம். துவாயைச் சுற்றிக்கொண்டு கரையில் நின்று, "முதல் நீங்கள் இறங்குங்கோ" என்றாள். இறங்கினேன். என்ன சுகம்! அவித்த முட்டை வாசம் கொஞ்சம் உண்டு. ஆனால் சூடு எலும்பு வரை போகிறது. பக்கத்தில் ஏழெட்டு வயதானவர்கள் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தார்கள். அப்போது வெயில் வந்தது. என்னைச் சுற்றித் தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுக்கம் விரிந்து போனது. பக்கத்தில் கிடந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி கண்ணைத் திறந்து, விரலை மூக்கடியில் வைத்துப் பார்த்து, சாலட் வாசம் வருகிறதே என்றாள். இது சாலட் இல்லை மதாம், பாரிசிலேயே முதல்தரமான எள்ளெண்ணெய், என் கடையில்தான் கிடைக்கும் என்று சொல்லி, கடைக்கு வரும் வழியையும் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் விசில் ஊதியது.

காவல் பெண் எல்லோரையும் வெளியே வரச் சொன்னாள். எண்ணெய் கலந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஊற்று மெதுவாகத்தான் வரும், தடாகம் நிறைய மறுநாள் காலையாகிவிடும் என்றாள். அந்தக் குளிரில் ஏழெட்டுப் பேரும் துவாயைப் போர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்கள். காவல் பெண் என் கையிலிருந்த பையைக் காட்டி, இதென்ன என்று கேட்டாள். "சாவோன்" என்றேன், சவர்க்காரம் என்று. பையைத் திறந்து சீயாக்காயை மணந்து பார்த்தாள். திரும்பக் கட்டி என்னிடமே தந்தாள்.

ஹோட்டல் அறைக்குள் போன பிறகுதான் மனைவி தொடங்கினாள்.

"கடைக்குள்ளை ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் முழு நாளும் என்னைப் பேசுவியள். இண்டைக்கு ஒரு குளத்தையே நாசமாக்கிப்போட்டு நிக்கிறியள். இருந்தது மூண்டு நாள். அதிலை ஒண்டு போச்சு."

மறுநாள் அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. முழங்காலைத் தானே இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நீல உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு குழாயடியில் வரிசையில் நின்றாள். நானும் போய் நின்றேன். காவல் பெண் என் முழங்கையில் ஒரு விரலை இழுத்து எனக்கே காட்டினாள். விரல் மினுங்கியது. இன்றைக்கு மிஸ்யூ கரையில் என்றாள்.

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்றேன். மனைவி கம்பியைப் பிடித்துப் படி படியாக இறங்கினாள். தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்ததும் கம்பியை விட்டாள். நடந்தாள். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை போய், தொட்டுவிட்டுத் திரும்பினாள். மறுபடியும் போனாள். நேற்றைய கிழவி அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"எப்பிடியப்பா இருக்கு?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"நோகேல்லை!"

"நான் சொன்னன்தானே!"

தடாகத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த டாக்டருக்கு என்ன சொல்லலாம் என்று நான் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

நேரம் முடிந்து அவள் ஏறினாள். தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும்வரை முகம் நன்றாகத்தான் இருந்தது. கடைசி இரண்டு படியில் வாயைக் கடித்துக்கொண்டு என் கையை எட்டிப் பிடித்தாள். கரையிலிருந்த மர வாங்கில் உட்காரவைத்துக் காலைத் துடைத்துவிட்டேன்.

"நாளைக்கும் இறங்கும். வருசத்துக்கு இரண்டு தரம் வருவம். மகளிட்டைச் சொல்லுறன்."

அவள் தடாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சருங்கோ, நோகாமல் நடக்கிறது எப்பிடியெண்டு நான் மறந்தே போனன். இப்பதான் தெரியுது."

"ஓம், அதைத்தானே நானும் சொல்லுறன்."

"லாச்சப்பலிலை தண்ணிக்குள்ளையே நடக்கப் போறன்? எனக்கு இது றோட்டிலை வேணும். நான் கையெழுத்து வைக்கப் போறன்."

"மூண்டு நாள் எண்டுதானே கதை. இன்னும் ஒரு நாள் கிடக்கு."

"அந்த நாளும் இறங்குவன். அது என்ரை ஆசைக்கு."

சுடுதண்ணீருக்கு வலி கேட்டது. நான் சொன்னபடியே கேட்டது. அதைக் கண்டபிறகுதான் அவள் கத்திக்குச் சம்மதித்தாள். இதை எதிர்த்து எப்படிப் பேரம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பயமில்லையா என்று மட்டும் கேட்டேன். பயம்தான், ஆனால் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவது அதைவிடப் பயம் என்றாள்.

மூன்றாம் நாள் காவல் பெண் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். இரண்டு பேரும் இறங்கினோம். மனைவி முன்னால் நடந்தாள், நான் பின்னால். பாதி வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நீர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை கல்லா மெசினிலை ஆர் நிக்கிறது?"

"நீங்கள்தான்."

"அதிலை எனக்கு ஒரு பொத்தானும் தெரியாதே."

"அது எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் நீங்கள் கேக்கேல்லையே." அவள் நிற்கவில்லை. "பச்சை, பாங்க் கார்ட்டுக்கு. மஞ்சள், பிழைவிட்டால் அழிக்க. சிவப்பைத் தொட வேண்டாம். எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

"பச்சை கார்ட்டுக்கு" என்றேன். "மஞ்சள் பிழைக்கு."

"சிவப்பு?"

"தொடமாட்டன்."

சுவரைத் தொட்டுத் திரும்பினோம். அவள் அடுத்த பொத்தானுக்குப் போனாள்.