ஆதரவு உண்டு… போர்டு கிடையாது!

‘‘ஆதரவு எல்லாரும் குடுக்குறாங்க மேடம். போர்டு வெக்கத்தான் ஒருத்தரும் உட மாட்டேன்றாங்க!’’

போன வாரம் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததுமே மும்தாஜ் பொரிந்து தள்ளினார். பழவேற்காட்டுக்காரர். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக இங்கே ஓர் உதவி மையம் நடத்துகிறார். டாக்டரிடம் கூட்டிப்போவது, போலீஸ் ஸ்டேஷனில் கூட நிற்பது, வக்கீல் பிடிப்பது… எல்லாம் அவர்தான்.

மையம் பிறந்த கதை எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் கூட்டம், நானும் பேசினேன். ‘ஆதரவு தருவீர்களா?’ என்றதும் மண்டபமே கை தூக்கியது. ஹார்டுவேர் கடை முதலாளி ஒருவர் மேடையேறி, தன் கடை மாடியையே தருவதாக அறிவித்தார். அடேயப்பா, என்ன கைதட்டல்!

சாவி கொடுக்கும்போதுதான் சொன்னாராம்… ‘‘அந்தப் பேர்ல போர்டு மட்டும் வேணாம்மா. ஃபேமிலிங்க வர்ற கடை. தையல் கிளாஸுன்னு போட்டுக்கோ.’’

வேறு இடம் கொடுக்க ஆள் இல்லை. தையல் கிளாஸ் என்றே போர்டு மாட்டினார்கள்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்பவள். சூப்பர்வைசர் அவளிடம் அத்துமீறியிருக்கிறான். யாரோ சொல்லி, மையத்தைத் தேடி வந்தவள் தெருவில் மேலும் கீழும் நடந்திருக்கிறாள். தையல் கிளாஸ்தான் இருக்கிறது. யாரிடம் கேட்பாள்? டீக்கடையிலா? ‘எதுக்கும்மா?’ என்று கேட்டால் என்ன சொல்வாள்? திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் அதே கம்பெனி வேன்… அதே சூப்பர்வைசர்!

கூட வேலை செய்யும் பெண் விசாரித்துக் கூட்டிவந்த பிறகுதான் மும்தாஜுக்கே விஷயம் தெரிந்தது. ‘‘முன்னாடியே வந்தேங்க்கா… எடம் தெர்ல’’ என்று அழுதாளாம். இப்போது புகார் கொடுத்தாகிவிட்டது. நடுவில் அவள் பயந்து பயந்து வேலைக்குப் போனாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி சேர் போட்டு, கூல் டிரிங்க் வரவழைத்தார்.

‘‘இன்னா மேடம், நான் ஆதரவு இல்லாமயா? ஹைவேல பேனர் பாக்கலியா? போர்டு வெச்சா, யாரு யாரு படியேறுறாங்கன்னு தெருவே பேசிக்கினு இருக்கும். எனக்கும் பொண்ணு இருக்குது மேடம்.’’

பொண்ணு இருப்பதால்தானே ஐயா போர்டு வேண்டும்!

பேனரைப் போய்ப் பார்த்தேன். கும்பிட்டபடி, ஆள் உயரத்துக்கு அவரேதான். ‘பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இடம் தந்த வள்ளலே!’ எந்த இடம்? அதை மட்டும் காணோம். கம்பெனி வேன்கள் வந்து நிற்பது அந்தப் பேனருக்குக் கீழேதான். அந்தப் பெண் தினமும் அங்கேதான் காத்திருந்திருக்கிறாள்.

நான் கொதித்துக்கொண்டிருக்க, கூட வந்த மும்தாஜ் போய் பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிவந்தார் – அதே கடையில்! முதலாளியின் சிரித்த முகத்துக்குப் பக்கத்திலேயே மையத்தின் விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி, ‘தையல் கிளாஸ் போர்டு உள்ள மாடி’ என்று முடித்தார்.

‘‘அவர் அழிச்சிட்டா?’’ என்றேன்.

‘‘பேனரையே கயட்டினாத்தான் மேடம் போவும். மனசு வருமா அவுருக்கு?’’

நேற்று விசாரித்தேன். பேனர் அப்படியே இருக்கிறது. கடைசியில், எங்களுக்குப் போர்டு வைக்க இடம் கொடுத்தது அவருடைய மனசு இல்லை… முகம்!