“வலிக்குதுங்க” என்று சொல்லப் பழகியது

2006-ஆம் வருடம், ஐப்பசி மழை. திருப்பூர் தாராபுரம் ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் என் வலது முழங்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கை பாதிக்கு மேல் மடங்கவில்லை; முழுதாக நீளவும் இல்லை. அப்போது நான் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்ட, தலை பின்ன, சாயக் குடுவையைத் தூக்கி ஊற்ற என்று அந்தக் கையால் ஆக வேண்டியதையெல்லாம் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அப்பாவும் கூடவே வந்தார். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சில வயதே மூத்த பெண். திருநெல்வேலிக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கி, “வலிக்கா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன். உண்மையில் உயிர் போனது.

“இப்போ?”

“பரவாயில்லீங்க.”

“அவ தாங்கிக்குவாளுங்க, நீங்க நல்லா அழுத்துங்க” என்றார் அப்பா.

நமக்காக ஒருவர் பாடுபடும்போது வலிக்கிறது என்று சொல்வது அவரைக் குறை சொல்வதுபோல் எங்கள் பக்கத்தில் தோன்றிவிடும். விருந்தில் உப்புக் கரித்தாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

பிசியோதெரபிஸ்ட் என் கையை விட்டுவிட்டார். “வாய் இல்லேன்னு சொல்லுது, கால் விரலெல்லாம் சுருண்டு கிடக்கு. நான் எத நம்ப?”

எனக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவர், இந்தக் கையால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். “பழையபடி நேரா ஆகோணுங்க, வேறென்ன?” என்று அப்பா முந்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, கை அவங்களுதுல்லா? அவங்க சொல்லட்டும்.”

மனத்தில் இருந்த வரிசை எதுவும் வாயில் வரவில்லை. “என் கையாலயே சாப்பிடோணுங்க” என்றேன். அம்மா ஊட்டிவிடுவது எனக்கு எவ்வளவு உறுத்தலாக இருந்தது என்பது அதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்படியானால் மடக்குவதை முதலில் பார்ப்போம், நீட்டுவது பிறகு என்றார் பிசியோதெரபிஸ்ட். என் இடது கையைத் தன் மணிக்கட்டின் மேல் வைக்கச் சொன்னார். வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால் இறுக்கிப் பிடித்தால் போதும், உடனே நிறுத்திவிடுவார். முதல் நாள் அடிக்கடி இறுக்கினேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

வாரங்கள் போயின. கை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மடங்கியது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. மடத்துக்குளம் பக்கத்தில் ஒருவர் ஒரே இழுப்பில் கையைச் சரிசெய்வதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போவதாகப் பிசியோதெரபிஸ்டிடமே சொன்னார். “துணி கோணலா இருந்தா இழுத்து விட்டுத்தானுங்க நேராக்கறோம்.”

முரட்டுத்தனமாக இழுத்தால் மூட்டு வீங்கி, வந்த அசைவும் போய்விடலாம் என்று அவர் விளக்கினார். “நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனா முடிவு ஒங்களுது” என்று என்னைப் பார்த்தார். வெளியாள் முன்னால் அப்பாவை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை.

“ஏனுங்கப்பா, இழுத்துப் புடிச்சு வெட்டுன பனியன் துணி ஒரு தண்ணியில சுருங்கிரும்னு நீங்கதான சொல்லுவீங்க? ரோலைப் பிரிச்சு ஒரு ராத்திரி சும்மா போட்டு வெச்சாத்தான அளவு நிக்குது? என் கைக்கும் கொஞ்சம் நேரம் குடுங்க. எனக்கு வலிக்குதுங்கப்பா.”

அப்பா பிசியோதெரபிஸ்ட் பக்கம் திரும்பினார். “டிப்ளமோ படிக்க வெச்சது என்னையவே கேள்வி கேக்கறதுக்குத்தானுங்க” என்று அவரிடம் முறையிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை.

பொங்கலுக்கு முன்பே ஒரு மதியம், எங்கள் பட்டறை கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து என் வலது கையால் வாய்க்குக் கொண்டுபோனேன். பாதி துப்பட்டாவில் சிந்தியது. மிச்சத்தையும் அந்தக் கையாலேயே சாப்பிட்டு முடித்தேன்.

கை இன்றும் முழுதாக நீளாது. இன்னும் முயன்று பார்க்கலாமா என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது, இது போதும் என்று நான்தான் சொன்னேன். எத்தனை கெட்டிக்கார வைத்தியரானாலும் வலி எங்கே தொடங்குகிறது என்பதை நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும் என்பதால், இன்று யார் முன் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்விக்கே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.