அலமேலு துரைசானிக்குத் தைத்த திண்டு

அலமேலு போய்விட்டாள் என்ற செய்தியைப் பால்காரன்தான் கொண்டுவந்தான். காளிகாட்டில் எங்கள் சந்துக்கும் அவள் சந்துக்கும் பால் ஊற்றுகிறவன் அவன் ஒருவனே. செம்பை வாங்க நான் கை நீட்டியபோது, மூலை வீட்டு மதராஸி மாயி விடிகாலையில் போய்விட்டாள் என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்துஸ்தானியில் அது மனத்தில் ஏறச் சற்று நேரமாயிற்று. ஜுரம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் அவள் அகத்துக்காரர் சாம்பசிவையர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிடர்பூர்த் துறைமுகத்தை ஒட்டி ஓர் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருக்கும் அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் அகத்துக்காரரோடு பேசுகிற பாவனையில், கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"நம்ம பெண்டுகள் எல்லாம் அவளை நெனச்சு ஒருநாள் கூடப்போறாளாம். உங்காத்துலதான் எழுதிப் படிக்கப்போறான்னு கேள்விப்பட்டேன். துரைசானிக்குத் தன் கையாலே திண்டு தைச்சுக் குடுத்தாளே, அந்த விஷயம் விட்டுப்போகப்படாது. அவளுக்கு அது பெரிய கௌரவம்."

விட்டுப்போகவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அலமேலுவுக்கு எல்லாவற்றிலும் அருவருப்பு உண்டு. 'சீ' என்ற ஒற்றைச் சொல்லை அவளைப்போல் இத்தனை விதமாகச் சொல்லத் தெரிந்தவர்களை நான் கண்டதில்லை. காளிகாட்டுக் கோவில் வாசலில் பலி ஆட்டின் ரத்தத்தைக் கழுவி விடும் நீர் தெருவில் ஓடிவந்தால் ஒரு சீ. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் முழங்காலளவு தேங்கும் சாக்கடைக்கு ஒரு சீ. நான் ஆசையாகப் போட்டு வைத்திருந்த எலுமிச்சங்காய் ஊறுகாயை முகர்ந்துவிட்டு ஒரு சீ. அந்த ஜாடியை என் கண் முன்னாலேயே கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஊறுகாய் கெட்டுத்தான் போயிருந்தது. அதனால் இன்னும் கோபம். அவளோடு பழகுவது எளிதாயிருந்தது என்று இங்கே யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அவள் கைவேலை வேறு ஜாதி. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். அவள் பெண்ணை ஹவுராவில் புக்ககத்துக்கு அழைத்துப்போக ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வண்டி வந்துவிட்டது. பௌதி அழுதுகொண்டு துணிமணிகளை மூட்டை கட்டுகிறாள். பெண்ணுக்குக் கொடுக்க எங்கள் கையில் ஒன்றுமில்லை. அலமேலு வீட்டுக்குள் ஓடி, கம்பி ஒடிந்து மூலையில் கிடந்த குடையை எடுத்தாள். அதன் கறுப்புத் துணியைப் பிரித்து, மடித்து, நாலு ஓரமும் தைத்து, பழைய ரவிக்கையிலிருந்து நாடாவை உருவிக் கோத்துச் சுருக்குப் பை ஆக்கிவிட்டாள். வண்டிக்காரன் இரண்டாம் தரம் கூப்பிடுவதற்குள் அதில் ஊசி, நூல், ஒரு பிடி ஏலக்காய் எல்லாம் போட்டு அந்தப் பெண்ணின் இடுப்பில் செருகியாகிவிட்டது. "கங்கையைப் படகிலே தாண்டறச்சே நனைஞ்சாலும் உள்ளே ஈரம் போகாது" என்றாள். நான் அதிசயப்பட்டபோது அவள் சொன்னது இது: "குடுக்கணும்னு மனசிலே இருந்தா வீட்டிலே இல்லாத பொருள் இல்லை. மனசிலே இல்லேன்னா வீடு பூராவும் குப்பைதான்."

இனி திண்டின் கதை.

டிசம்பர் மாதக் கடைசியில் வெள்ளைக்காரர்களின் பெரிய நாள் வரும்போது ஆபீஸ்காரர்கள் எல்லோரும் துரைமார் பங்களாவுக்கு டாலி கொண்டுபோவது இந்த ஊர் வழக்கம். பழம், கேக்கு, பூ எல்லாம் அடுக்கிய கூடைக்குத்தான் டாலி என்று பெயர். திண்டு தைத்த வருஷம் சாம்பசிவையர் இன்னும் சூப்பரின்டெண்டு ஆகவில்லை. ஆகவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். பெரிய நாளுக்கு முதல் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அவர் சொல்லி வைத்திருந்த கூடையைப் பழக்கடைக்காரன் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டானாம். வழியில் யாரோ, பெரிய துரையின் சம்சாரமான துரைசானிக்குக் கூடையைவிட நம் தேசத்துப் பெண்களின் தையல் வேலைதான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"விடியறதுக்குள்ளே ஏதாவது பண்ணிக்குடு" என்றார்.

"ஆத்திலே என்ன துணி இருக்கு? பழைய வேஷ்டி இருக்கு" என்றாள் அலமேலு.

அவர் பெட்டியைத் திறந்து அவளுடைய கூறைப் புடவையை எடுத்தார். கல்யாணத்துக்கு அவள் கட்டிக்கொண்ட அரக்குப் பட்டு. நாளும் கிழமையும் வந்தால் நம்மில் எல்லோருக்கும் முன்னால் அவள் அதைத்தான் கட்டிக்கொண்டு நிற்பாள், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

"இதையா?"

"பெட்டியிலே தூங்கற புடவைதானே. உனக்கென்ன, இன்னொரு தடவையா கல்யாணம் ஆகப்போறது?"

சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் முந்தானையை வெட்டிவிட்டார். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியுமா? அவள் தைத்தாள். தங்கள் தலையணையையே பிரித்து இலவம்பஞ்சை அடைத்தாள். மிஞ்சிய ஜரிகையை உருவி நாலு மூலைக்கும் குஞ்சம் கட்டினாள். வேலை சுத்தமாக இருந்தது. அவளுக்கு மோசமாகத் தைக்கத் தெரியாது. அவர் அதைப் பங்களாவுக்குக் கொண்டுபோனார்.

சில நாள் கழித்து அவள் வீட்டில் உட்கார்ந்து இருவருமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். சாம்பசிவையர் ஆபீஸிலிருந்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது. நான் எழுந்து உள்ளே ஒதுங்கினேன். நான் இருப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"திண்டு ரொம்பப் பிடிச்சுப்போயிடுத்து, அலமேலு. ராப்பகலா அதிலேயேதான் படுத்துண்டிருக்கு."

"எது படுத்துண்டிருக்கு?"

"டிக்கி. துரைசானியோட நாய். நேத்து அதிலே வாந்தி எடுத்துடுத்தாம். துரைசானியே என்னைக் கூப்பிட்டு, 'சாம்ப், இன்னொண்ணு கிடைக்குமா'ன்னு கேட்டா. பேர் சொல்லிக் கூப்பிட்டா, தெரியுமோ! அவாளோட வருஷப் பிறப்புக்குக் கொண்டுவரேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் புடவையிலே இன்னும் நிறைய இருக்கே."

சந்தில் நாய் உரசிவிட்டால் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்கிற மனிதர் அவர். எனக்குக் கையிலிருந்த பட்டாணியெல்லாம் புழுவைப்போல் இருந்தது. அலமேலு சீ என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உரித்த தோலை வாரி முறத்தில் போட்டாள். "ஆகட்டும், தைச்சுத்தரேன்" என்றாள்.

அந்த வருஷப் பிறப்பன்று காலையில் எனக்கு ஆள் அனுப்பினாள். "அவர் பங்களாவுக்குப் போயிருக்கார். திரும்பி வரச்சே நீ கூட இரு" என்றாள். ஏன் என்று கேட்டேன். என்னை உள்ளே அழைத்துப்போய் அவருடைய பெட்டியைத் திறந்து காட்டினாள். மேலாக இருக்கவேண்டிய ஒன்று இல்லை. அவர் தகப்பனார் கட்டிக்கொண்டு கச்சேரி உத்தியோகத்துக்குப் போன ஜரிகைத் தலைப்பாகை. விசேஷ நாளில் மட்டும் இவர் எடுத்துக் கட்டிக்கொள்வார்.

"காலமே தேடினார். வண்ணானுக்குப் போட்டிருக்குன்னேன். அவர் கையிலே தட்டிலே மூடிக் குடுத்தேனே திண்டு, அதுதான் அது."

நான் பெட்டியை மூடினேன். "அடிப்பாரேடீ!"

"கோவம் வரட்டும். வந்தாத்தானே மனுஷன்!"

பகலுக்குமேல் அவர் வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். கால் அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அடுக்களையில் ஒதுங்கி நின்றேன்.

"அது அப்பாவோட தலைப்பாகைதானே?"

"ஆமாம்."

மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னார்:

"நல்ல வேளை, துரைசானிக்குத் தெரியலை. ஜரிகை பேஷா இருக்குன்னா. அப்படியே கீழே போட்டா. என் கண்ணு முன்னாலேயே டிக்கி அதுமேலே ஏறி, ஒரு சுத்து சுத்திப் படுத்துண்டுது. நானும் தேங்க் யூ மேடம்னேன்." கொஞ்சம் சிரித்தார். "அடுத்த தடவை சொல்லிட்டுச் செய். காபி இருக்கா?"

அலமேலு காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். நான் பின்னால் போனபோது கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து பௌதி எட்டிப் பார்த்து, விசேஷமா என்று கையால் ஜாடை கேட்டாள். அலமேலு வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வங்காளியில் முழுவதையும் சொன்னாள். பௌதி முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ சீ" என்றாள். அவர்கள் பாஷையிலும் அதற்கு அதே சொல்தான்.

அவர் கோபித்திருந்தால் அலமேலு அழுதிருப்பாள், மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பாள். அவருக்கு உறைக்கவே இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சில மாதம் கழித்து என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "அவர் சாப்பிட்ட இலையிலே நான் சாப்பிடறதை விட்டுட்டேன். கேட்டா வயிறு சரியில்லேன்னு சொல்லிடறேன். பொய் இல்லையே." கடைசிவரை அப்படித்தான் இருந்தாள். சமைத்தாள், பரிமாறினாள், நோயில் பார்த்துக்கொண்டாள். அவர் கோட்டுக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கவில்லை. அதற்கு அவர் தையற்கடை தர்ஜியைத் தேடிப் போனார்.

அவருக்கு உத்தியோகம் உயர்ந்தது. திண்டால்தான் உயர்ந்தது என்று ஊரில் பேச்சாயிற்று. அடுத்த பெரிய நாளுக்கு நம்மிலேயே சிலர் கூறைப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு, குஞ்சம் எப்படிக் கட்டுவது என்று கேட்க அலமேலுவிடம் போனார்கள். யார் என்று சொல்லமாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை அவள் வாசற்படி ஏறவிடவில்லை என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். கர்வம் பிடித்தவள் என்று அப்போது சொன்ன வாய்கள் இன்று உத்தமி என்கின்றன. கேட்கக் குமட்டுகிறது.

முந்தானை போன கூறைப் புடவையை அவள் என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது பெண் குறைமாதத்தில் பிறந்தாள். ஊரிலிருந்து யாரும் வந்து சேரவில்லை. பெயர் வைக்கும் நாளன்று தூளி கட்டக்கூட வீட்டில் நல்ல துணி இல்லை. அலமேலு அந்தப் பட்டை இரண்டாக மடித்து உத்தரத்தில் கட்டி, அடியில் தன் பழைய நூல் புடவையை மெத்தையாகப் போட்டாள். குழந்தை அதில் கிடந்து கையைக் காலை உதைத்துக்கொண்டது. "ஈரம் பண்ணிடுவாளே, பட்டாச்சே" என்றேன். "பண்ணட்டும். இவள் பண்ணினா அசிங்கமில்லை" என்றாள். அவள் முகம் சுளிக்காமல் இருந்ததை நான் நன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அலமேலு யாருக்கு எதைத் தைக்க உட்கார்ந்தாலும் முதலில் அந்த ஆளைப் பற்றிக் கேட்பாள். என்ன பிடிக்கும், எதற்கு அழும், எப்படிச் சிரிக்கும் என்று கேட்டுக்கொண்டேதான் ஊசியில் நூல் கோப்பாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்.

போன வாரம் என் அகத்துக்காரர் பாங்கியிலிருந்து வந்து, தனக்கு மேலதிகாரியாகப் புதிதாக வந்திருக்கும் ஏஜெண்டு துரையின் பெண்ணுக்கு நாளைக்குப் பிறந்தநாள் என்றார். வீட்டிலிருக்கும் பட்டுத் துண்டுகளை வைத்து உடனே ஒரு பொம்மை செய்யவேண்டுமாம்.

"அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கேளா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பேர்?"

"பேரெல்லாம் உனக்கெதுக்கு? எல்லாரும் ஏதாவது குடுக்கறா, நாமும் குடுக்கணும்."

எடுத்த ஊசியை டப்பாவில் வைத்து மூடினேன். மறுநாள் அவர் வெறுங்கையோடுதான் போனார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இலையில் என்ன போட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். இதை இங்கே நான் படித்தது அவர் காதுக்கு எட்டினால் இன்னும் எத்தனை நாள் பேசாமலிருப்பாரோ. இருக்கட்டும்.