தாமல் ரோட்டுக் கயிறு

மாணிக்கவேல் எனக்குத் தூரத்து ஆள் இல்லை. என் சின்னம்மா மகன் தனசேகரனுக்கு இரண்டாவது பிள்ளை. அவன் பெண்சாதி புவனேஸ்வரியோ எங்கள் பெரியப்பாவின் மகள் வயிற்றுப் பேத்தி. ஆக, இரண்டு பக்கமும் எனக்கு ரத்தம்தான். அவன் என்னை அத்தை என்பான், அவனைப் பார்த்து அவளும் அத்தை என்றே கூப்பிடுவாள்.

இருபத்தைந்து வருஷம் தறியில் உட்கார்ந்தவன். இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஆட்டோ எடுத்தான். எடுத்த மறு வருஷமே புவனேஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நான்கு மணி நேரம் ஆகும். ஊரில் இடம் கிடைக்கவில்லை. பெரிய ரோட்டில் மேற்கே, தாமல் தாண்டி வெகுதூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எட்டரை வரைக்கும் பார்ப்பார்கள். அதற்குமேல் அந்த மெஷின் வேறு ஆளுக்கு.

அந்த ரோட்டைத்தான் அகலப்படுத்துகிறார்கள். திருப்புட்குழியில் தொடங்கினால் தாமல் ஏரிக்கரை வரைக்கும் ஒரே ஜல்லியும் பள்ளமும். ஒரு நாள் இடது பக்கம் விடுவார்கள், மறு நாள் வலது பக்கம். நேற்று போன வழி இன்றைக்கு இருக்காது.

மாணிக்கவேல் அதில் ஓட்டுகிற விதமே தனி. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்வான். செல்போனைச் சத்தம் அடக்கிப் புவனேஸ்வரியின் பைக்குள் வைத்துவிடுவான். முன்னால் போகிற லாரிக்கும் தனக்கும், தறிக்குத் தெருவில் இழுத்துக் கட்டுகிற ஒரு நூல் பாவு நீளம் இடம் விடுவான். பச்சைக் கொடி காட்டாமல் சக்கரம் உருளாது. அவனை மிரள வைத்தது எங்கள் தெருப் பாண்டியன். போன ஆடியில், வேலை நடக்கிற இடத்தில் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், சிறுபாலத்துக்குத் தோண்டின குழியில் வண்டியோடு விழுந்தான். இன்றைக்கும் அவனால் தறி மிதிக்க முடியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். தாமலுக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு. இரண்டு பீப்பாய்க்கு நடுவே கட்டி, சிவப்புத் துணிக் கிழிசல் முடிந்திருந்தது. ஆள் யாரும் இல்லை. மணி ஏழு இருக்கும். மாணிக்கவேல் நிறுத்தினான்.

எங்கள் தெருவில் விடியற்காலை பட்டு நூல் பாவு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போது, இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு கட்டுவோம். அதைத் தாண்டி ஒரு பிள்ளைகூடப் போகாது. ஓரமாக ஒதுங்கிக்கூடப் போகக்கூடாது. இழை அறுந்தால் ஒரு நாள் வேலை போயிற்று. கட்டினவர் வந்து அவிழ்க்க வேண்டும், அதுவரைக்கும் நிற்க வேண்டும். கல்யாண ஊர்வலமே நின்றிருக்கிறது.

அதனால் நின்றோம்.

பின்னால் வந்த வண்டிகள் இடது பீப்பாய்க்கு அப்பால் மண்ணில் இறங்கி, குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"யோவ் ஆட்டோ! ரிப்பன் வெட்ட மந்திரி வரணுமா?"

"கயிறு கட்டிக்கிதேண்ணா" என்றான் மாணிக்கவேல்.

"கட்டிக்கிது, கட்டிக்கிது. நீ இங்கயே குந்திக்கினு மாலையும் போடு!"

புவனேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்தால் மூச்சு வாங்கும் அவளுக்கு.

"இன்னா பண்ணலாம் அத்தை?" என்று என்னைக் கேட்டான்.

"யாராச்சும் வருவாங்கடா. வந்து அவுப்பாங்க."

புவனேஸ்வரியும், "பாண்டியன் அண்ணன் கதி வேணாங்க, நில்லுங்க" என்றாள். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட இறங்கிப்போய்ப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கிற பழக்கமே எங்களுக்கு இல்லையே.

எட்டாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது, செம்மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கொடியோடு ஒரு பெண்பிள்ளை நடந்து வந்தாள். தாமல்காரி, ரேணுகாம்பாள் என்று பிறகு சொன்னாள்.

"இன்னாபா நின்னுக்கினு இருக்கீங்க?"

"கயிறு..."

"அய்ய, அது நேத்து கட்டினதுபா! குழியெல்லாம் மூடியாச்சு. அவுக்காம போய்ட்டானுங்க. நான் இப்ப அந்தாண்ட கொடி புடிக்கிறேன்." உள்ளே பார்த்தாள். புவனேஸ்வரியின் வீங்கின காலைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கா? எவ்ளோ நேரம்மா ஆச்சு நின்னு?"

கேட்டுக்கொண்டே அவளே கயிற்றை அவிழ்த்தாள்.

அப்போதும் மாணிக்கவேல் விரட்டவில்லை. விரட்ட ரோடும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் எட்டேமுக்கால். ஜீவிதா என்கிற நர்ஸ் பெண் நல்ல பெண்தான்.

"அக்கா, உங்க மெஷின்ல வேற ஆளைப் படுக்க வெச்சிட்டோம். போன் பண்ணேன், எடுக்கவேயில்லையே?"

செல்போன் பைக்குள் சத்தம் அடக்கிக் கிடந்தது. அவன் வழக்கமாகச் செய்து வைப்பதுதான்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமாம்மா? யாராச்சும் வரலன்னா?" என்று கேட்டான். இருந்தோம். முறை வைத்திருந்த எல்லோரும் வந்தார்கள்.

வெள்ளி வரைக்கும் மூன்று நாள். அவளுக்குத் தண்ணீரே எதிரி. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாள். மாணிக்கவேல் அவள் காலைப் பிடித்துவிட்டால் விரல் பதிந்த இடம் குழியாகவே நிற்கும். அதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க, கயிறு கட்டியிருந்திச்சு" என்பாள்.

வெள்ளியன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினோம். திருப்புட்குழி தாண்டினதும் கயிறு. வேறு இடம், அதே சிவப்புக் கிழிசல். ஆள் இல்லை. வண்டிகள் ஓரமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

மாணிக்கவேல் இன்ஜினை அணைத்தான். பிறகு இறங்கினான். கயிற்றில் முதுகு படாமல் நன்றாகக் குனிந்து அடியில் போனான். காலால் மண்ணை மிதித்து மிதித்துப் பார்த்தான். முப்பதடி போய்த் திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தான், வண்டியை அந்த முப்பதடி நகர்த்தினான், இறங்கிப் போய் மறுபடி கட்டினான். பிறகு அடுத்த முப்பதடி நடந்து பார்த்தான். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"ஏன்யா, ரோட்டை அளக்குறியா?" என்று ஒருவன் கத்திக்கொண்டு போனான்.

அன்றைக்கு அப்படி நான்கு கயிறு. ஒன்றில் மட்டும் நிஜமாகவே குழி இருந்தது, ஆள் ஆழம். அவன் அதன் விளிம்பில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தான். வண்டியைத் திருப்பி, வந்த வழியே போய், வேறு வழி தேடினோம்.

போய்ச் சேரும்போது எட்டு முப்பத்தைந்து. அன்றைக்குக் காத்திருக்கிற ஆள் இல்லாததால் மெஷின் காலியாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஆள். ஜீவிதா கடிகாரத்தைப் பார்த்தாள், புவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்.

"மெஷினைத் தயார் பண்ணவே அரை மணி ஆவும். மூணு மணி நேரத்துக்கும் கம்மியாதான் அக்கா வரும்."

"வரட்டும்மா" என்று அவள் கையை நீட்டினாள்.

மாணிக்கவேல் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, செருப்பில் அப்பின மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். "செவ்வாய்க்கிழமை எத்தினி மணிக்கு கெளம்பலாம் அத்தை?" என்று கேட்டான்.