கல்யாணம் முடக்கி என்று பேர் வாங்கிய வின்சென்ட்

பாறசாலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் சேதி வந்தது. பொழியூர் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர், "சாரே, நம்ம வின்சென்ட் போயாச்சு. விடியக்காலம் நெஞ்சுவலியாம்" என்றார். அடுத்த மூச்சிலேயே குரலைத் தாழ்த்தி, "அந்த நோயாக்குமா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் பலர் அதையே கேட்டுவிட்டார்கள். இல்லை ஐயா, மாரடைப்பு. அந்த நோயாகவே இருந்தால்தான் என்ன, அழமாட்டீர்களா? பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வின்சென்டை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கென்று நெய்யாற்றின்கரையில் நாங்கள் ஒரு சின்ன அலுவலகம் திறந்தபோது, கடல் தொழிலை விட்டுவிட்டு முதலில் வந்து சேர்ந்தவர் அவர். முதல் கூட்டத்தில் எல்லோரும் பேரும் ஊரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, "எனக்குப் பெண்டாட்டி உண்டு, பிள்ளையளும் உண்டு. ஆம்பிளையகூடயும் பழக்கம் உண்டு. என்னெப் போல உள்ளவனுவ கரை முழுக்க உண்டு சாரே, அவனுவளெ நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் பாட்டுக்கு டீயைக் குடிக்க ஆரம்பித்தார். இதை எழுதலாமா என்று அவர் மனைவி திரேசாவிடம் கேட்டேன். "எழுதுங்க. ஒளிச்சு ஒளிச்சு நான் களைச்சுப் போனேன்" என்றார்.

அப்போது எங்கள் நோட்டீஸ், சுவரொட்டி எல்லாவற்றிலும் ஒரு பெண்தான் நிற்பாள். கண்ட பெண்ணிடம் போகாதே, நோய் வரும். அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். வின்சென்டும் பூவாரிலிருந்து பனச்சமூடு வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்ட ஆண்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? பெண்ணிடம் போனால்தான் ஆபத்து, ஆணோடு இருந்தால் ஒன்றும் வராது. வின்சென்டுக்கே அப்படி ஒரு நினைப்பு இருந்தது.

கொல்லம் பக்கம் விசைப்படகில் வேலை பார்த்த ஸ்டீபன் காய்ச்சலும் இளைப்புமாக ஊர் திரும்பினான். வின்சென்ட்தான் அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வைத்தார். நோய் இருந்தது. "நீங்க சொன்னதெக் கேட்டு ஒரு பெண்ணெயும் நான் தொடல்லியே அண்ணே, போட்டுல ஆம்பிளையகூட தானே இருந்தேன்" என்று அவன் கேட்டிருக்கிறான். மறுநாள் வின்சென்ட் நோட்டீஸ் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "இது எனக்கு இனி வேண்டாம். நாம சொன்னதெக் கேட்டாக்கும் அவனுக்கு வந்தது." அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "ஆருகூடண்ணு நான் கேக்கல்ல மக்கா. உறை போட்டியா?"

ஸ்டீபனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு மாதா கோவிலில் மணமக்கள் பேரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று கேட்பார்களே, அதுதான் ஓலை. வின்சென்டுக்குத் தடை தெரியும், சொல்ல வழியில்லை. "அவனுக்க ரத்தத்தெப் பத்தி வாய் தொறந்தா நாளைக்கு ஒருத்தன் எனக்ககிட்ட வரமாட்டான். வாய மூடினா அந்தப் பெண்ணு செத்துப்போவா" என்று, அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தபோது, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டீபனும் கல்யாணம் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது?

கடைசியில் வின்சென்ட் அவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார். பையன் மகா குடியன், கொல்லத்தில் தொடுப்பு உண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அந்தச் சாக்கில் ஸ்டீபனும் விலகிக்கொண்டான். பெண்ணின் அப்பா பிறகு விசாரித்துப் பார்த்து, எல்லாம் புளுகு என்று தெரிந்து, சந்தையில் வைத்து வின்சென்டின் கன்னத்தில் அறைந்தார். ஊருக்கு ஊர் நல்ல சம்பந்தங்களைக் கோள் சொல்லிக் கெடுக்கிறவர்களுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறோம் இல்லையா, கல்யாணம் முடக்கி? அந்தப் பேர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அவருடைய மூத்த மகளுக்கு வந்த ஒரு நல்ல இடம் அந்தப் பேரைக் கேட்டே திரும்பிப் போனது. நான் கொதித்தேன். அவரோ, "பேரு தானே போச்சு, விடும்" என்றார். அந்த "விடும்" என் காதில் இன்னும் எரிச்சலாகத்தான் கேட்கிறது.

வின்சென்டின் அடக்கத்துக்கு, ஸ்டீபனுக்கு நிச்சயித்திருந்த அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். வேறு இடத்தில் கட்டிக்கொடுத்து, இடுப்பில் ஒரு குழந்தை. எல்லோரும் குழியில் மண் போட்டார்கள், அவள் போடவில்லை. "எனக்க கல்யாணத்தெ முடக்கினவனாக்கும். போனானாண்ணு பாக்க வந்தேன்" என்று பக்கத்தில் நின்றவளிடம் உரக்கவே சொன்னாள்.

ஸ்டீபன் பின்னால் நின்றிருந்தான். எலும்பும் தோலுமாக, இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு. "அப்படிச் சொல்லாதே. எனக்கு எய்ட்ஸ் உண்டு. நம்ம கல்யாணம் பேசினப்பமே உண்டு. அண்ணன் பொய் சொன்னது உனக்கு வராம இருக்கத்தான்" என்றான். சுற்றி நின்றவர்கள் அவனை விட்டு நகர்ந்தார்கள். இதை எழுதும்போது பேரையும் போடச் சொன்னது அவன்தான்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். திரேசாவைப் பார்த்து, "நீங்களாவது எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா சேச்சி?" என்று கேட்டாள்.

"எனக்கும் இப்பமாக்கும் தெரியும்" என்றார் திரேசா.

மகளின் சம்பந்தம் கலைந்த அன்றுகூட வின்சென்ட் மனைவியிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், திரேசாவுக்குத் தெரியாது. அந்த வீட்டில் எத்தனை நாள் சோறு தின்றிருக்கிறேன்! வின்சென்ட் எனக்கு விட்டுப்போயிருப்பது இந்த வாய் மூடும் வேலையைத்தான். இன்னும் பல ஆண்களின் சங்கதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது, இனி எனக்கு மட்டும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். ஆனால் எழுத அனுமதி கேட்கப் போன அன்று, திரேசாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.