களப்பில் கழன்ற தோள்

சகோதரங்களே, என் வலது தோளை நினைத்து நான் அழாத நாள் இல்லை என்றிருந்த காலம் அது. ஐம்பதுகளின் கடைசி. மகள் பிலோமினா பிறந்து ஒரு மாதம். கொக்கிளாய்க் கரையில் மீன்கூடையோடு வழுக்கி விழுந்தேன். தோள்மூட்டு கழன்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இழுத்துப் பொருத்தி, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். மூன்று கிழமைக்கு அவிழ்க்கக் கூடாது என்றார் டொக்டர். பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளில்லை. பத்தாம் நாள் நானே அவிழ்த்துவிட்டேன்.

பிறகு கொடியில் சீலை போடக் கையைத் தூக்கினாலும் கழன்றது. மூன்றாம் முறை போனபோது டொக்டர் தலையை ஆட்டினார்.

“முதலே கட்டை அவிழ்க்காமல் விட்டிருந்தால் சிலவேளை சுகப்பட்டிருக்கும். இப்ப தளர்ந்துபோச்சு. யாழ்ப்பாணம் போய் வெட்டித் தைச்சால்தான் நிக்கும்.”

“வெட்டினால் நான் எழும்புவனோ, டொக்டர்?”

“எழும்புவீங்கள், அம்மா.”

நான் நம்பவில்லை. மயக்கத்தில் போனவள் திரும்பாவிட்டால் பிள்ளைக்கு யார்? மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

பிள்ளைக்கு எட்டு மாதமானபோது, ஒரு பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போகக் கடல்நீர் தேங்கும் களப்பை வள்ளத்தில் கடந்தோம். என் கணவர் சூசை கோலூன்றி வள்ளத்தைத் தள்ளினார். திடீரென்று காற்று. வள்ளம் சரிந்தது. இடக்கையில் பிள்ளை. வலக்கையைப் பின்னால் நீட்டி விளிம்பைப் பிடித்தேன். தோள் கழன்றது. அந்த வலியில் இடக்கை தளர்ந்தது. பிள்ளை தண்ணீருக்குள் போய்விட்டாள்.

எட்டிப் பிடிக்க வலக்கை அசையவில்லை. கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. சூசை குதித்தார். கைகளால் துழாவினார், இல்லை. மறுபடியும் முங்கினார், இல்லை.

“மாதாவே, என்ர பிள்ளையைத் தாங்கோ! நான் டொக்டரின்ர கத்திக்குப் போறன், எதுக்கும் போறன்!”

சொல்லி முடிக்கவில்லை. “காலிலை தட்டுப்படுது!” என்றார் சூசை. தூக்கினார். பிள்ளை நீலம் பாரித்திருந்தாள். கவிழ்த்து முதுகில் தட்டினார். சத்தமில்லை. மறுபடியும் தட்டினார். தண்ணீரைக் கக்கி வீரிட்டு அழுதாள். அந்த அழுகையை விட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வாக்குக் கொடுத்தும் பயம் போகவில்லை. கட்டிலில் கிடத்தியபோது கால்கள் நடுங்கின. மூக்கில் மருந்துத் துணியை வைத்தபோது, “மாதாவே, மாதாவே” என்று மட்டும் சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியாது. கண் திறந்தபோது சூசை பக்கத்தில் இருந்தார். பிள்ளை அவர் மடியில்.

இம்முறை டொக்டர் அவிழ்க்கும்வரை கட்டை நான் தொடவில்லை. அந்தக் கை இப்போதும் முன்போல் வெளிப்பக்கம் திரும்பாது. ஆனால் ஒருநாளும் கழன்றதில்லை. அந்தக் கையால்தான் ஒவ்வொரு நாளும் செபமாலை பிடிக்கிறேன்.

பயம் போன பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது போகவேயில்லை. நடுங்கிக்கொண்டே கூப்பிட்டேன், மாதா கேட்டாள். நீங்களும் நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள்.