இரும்பு ராஜாவுக்கும் ஒரு பாட்டில்

இன்று கரியாலூர் பஸ்ஸில் என் பதினோரு வருடப் போர் முடிந்தது.

ஜெயித்தது நான் இல்லை. ஆனால் ஜெயித்தாயிற்று.

நேற்று இங்கே சபதம் போட்டேனே, அதேதான். காலேஜில் ஆரம்பித்த அந்தப் பழைய ரோல் பிளேயிங் கேம். கடைசி ராஜாவோடு இன்னும் ஒரே ஒரு முறை மோதுவேன், தோற்றால் கேமையே டெலீட் செய்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். (கமெண்டில் சிரித்த அத்தனை பேரையும் குறித்து வைத்திருக்கிறேன்.)

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம். பழைய கேம் எதிரிகளுக்கு மூளை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, புரோகிராமில் எழுதியதைச் செய்வார்கள். காவலாளி வாளோடு துரத்துவான், வாசல் வந்ததும் எதற்கு ஓடி வந்தோம் என்றே மறந்து திரும்பிப் போவான். ஓநாய் தூணில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடும்.

கடைசி ராஜா மட்டும் வேறு ரகம்.

உச்சி முதல் பாதம் வரை இரும்புக் கவசம், முகமே தெரியாது. நம் ஆட்கள் மூன்று பேரில் யார் நோஞ்சானோ அவரைத்தான் தேடி அடிப்பான். இரண்டு அடி அடித்தால் மூன்றாவது முறை சும்மா நின்று நம்மையே பார்ப்பான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

கரியாலூரில் ஒரு பிரிண்டரைப் பழுது பார்க்கச் சொல்லி நான் வேலை செய்யும் கடையில் அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். மலை ஏறுவதற்கு முன்னால் இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ரோட்டை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தாசில்தார் வந்து பேசுனாதான் எழுந்திரிப்பாங்க. ஒரு மணி நேரமும் ஆவும், மூணு மணி நேரமும் ஆவும்" என்றார் கண்டக்டர்.

போனில் சார்ஜ் பதினாறு சதவீதம். ஆனது ஆகட்டும் என்று ராஜாவைச் சண்டைக்குக் கூப்பிட்டேன்.

பக்கத்து சீட்டில் கரியாலூர்க்கார அக்கா ஒருவர், நாற்பது வயது இருக்கும். மடியில் ஒரு பெரிய வர்க்கி பாக்கெட். பிரித்ததும் முன் சீட், பின் சீட், கண்டக்டர், டிரைவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வேணாங்கக்கா."

"நீ பாத்துக்கினு இருக்க, நான் துன்னா எனக்கு வயித்த வலிக்கும். புடி."

பிடித்தேன்.

"இன்னா தம்பி அது, சண்டையா?"

"ஆமாங்கக்கா. வாள் படத்த தொட்டா அடி, பாட்டில் படத்த தொட்டா மருந்து. அப்புறம் ஆருக்குன்னு அவங்கள தொடணும்."

அக்கா வர்க்கியைக் கடித்துக்கொண்டே பார்த்தார். என் ஆட்கள் மூன்று பேரும் வாங்கிய அடியில் தள்ளாடினார்கள். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில் கொடுத்தேன், அதோடு சின்ன பாட்டில்கள் காலி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெரிய பாட்டில், குடித்தால் முழு உயிரும் திரும்பும். பதினோரு வருடமாகச் சேமித்து வைத்தது. (கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி, எடுக்கவே மனசு வராது.)

சார்ஜ் ஐந்து சதவீதம். பவர் பேங்க் மேலே பையில் இருந்தது.

"கொஞ்சம் புடிங்கக்கா. எதையும் தொட்றாதீங்க. நாம தொடுற வரைக்கும் அவன் அடிக்க மாட்டான்."

பைக்குள் கை விட்டு வயரை இழுத்துக்கொண்டு திரும்பினால், என் பெரிய பாட்டில் ராஜாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

"அக்கா, இன்னா பண்ணீங்க?"

"மூணு பேருக்கும் குடுத்த, அவுருக்கு மட்டும் குடுக்கல. பாத்துக்கினே நிக்கிறாரு பாவம். எப்பிடி மனசு வரும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. டெலீட் செய்யத்தான் வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது திரை வெள்ளையாக மின்னியது. ராஜாவின் தலைக்கு மேல், வாங்கிய அடியின் கணக்கு 9999 என்று வந்தது. கவசம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது, உள்ளே வெறும் எலும்பு, அதுவும் மயங்கியது போலச் சரிந்தது.

ராஜா எப்போதோ செத்துப்போனவன். இந்த மாதிரி கேம்களில் செத்தவனுக்கு உயிர் மருந்து விஷம். பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட அவனுக்குக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எதிரிக்குப் போய் யாராவது மருந்து கொடுப்பார்களா?

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே திரும்பியது. அதுகூடப் பரவாயில்லை. மறியலில் இருந்த ஒரு அண்ணன் எழுந்து ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"இன்னாங்க, அறிவிச்சிட்டாங்களா? நியூஸ்ல வந்திச்சா?"

"இல்லைங்கண்ணா, இது கேமு. பதினோரு வருசமா ஜெயிக்க முடியாம இருந்தது."

என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"பதினோரு வருசம்தானா? எங்குளுது அதுக்கும் மேல, தம்பி."

அக்கா அவருக்கும் ஜன்னல் வழியாக ஒரு வர்க்கி கொடுத்தார்.

தாசில்தார் வந்து பேசி, பஸ் மலை ஏறும்போது மதியம் தாண்டிவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் முதல் கமெண்டில் இருக்கிறது. நேற்று சிரித்தவர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகவும்.

கரியாலூரில் அக்கா எனக்கு முன்னால் இறங்கினார். நான்கு அடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்த இரும்புச் சட்டக்காரரு, மருந்து குடுத்ததும் கெறக்கமா வுழுந்தாரே. எழுந்துட்டாரா?"

"எழுந்துட்டாருங்கக்கா. நல்லா இருக்காரு."

நிம்மதியாகப் போனார்.

நீங்களாக இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள்?